சுட்டும் கருவியும் தீட்டும் கருவியும்

சிவகாசியில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு டிசைன் செய்து கொடுக்கும் தொழிலில் இருக்கிற என் தங்கை மகன், சென்ற தை மாதத்தில் ஓர் இரவு, மறுநாள் காலையில் பிளேட்டுக்குப் போகவேண்டிய பத்திரிகை ஒன்றின் முகப்புக்காகப் பிள்ளையாரின் துதிக்கையை மவுஸைக் கொண்டு வரைவதற்குப் பட்ட பாட்டை, அருகில் ஒரு ஸ்டூலில் அமர்ந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காகிதத்தில் பென்சிலால் அந்தத் துதிக்கையை அவன் ஒரே இழுப்பில் போட்டுவிடுவான். சிறு வயது முதலே அவனுக்குச் சித்திரத்தில் கை ஓடும். ஆனால் திரையிலோ, நெற்றிக்குக் கீழே தொடங்கி, வயிற்றின் மேல் இறங்கி, நுனியில் மோதகத்தைச் சுற்றிச் சுருளவேண்டிய அந்தக் கோடு, பாதி வழியில் நடுங்கி, வளைவில் முறிந்து, சுருளவேண்டிய இடத்துக்கு வந்தபோது மவுஸ் மேஜையின் விளிம்பைத் தட்டிவிட்டதனால் அங்கேயே நின்றும் போயிற்று. கோட்டின் மேல் எறும்புச் சாரை போல இருபதுக்கும் அதிகமான நோடுகள், அதாவது வளைவைத் தாங்கும் புள்ளிகள், விழுந்து கிடந்தன.

"மாமா, பேசாமல் ஒரு பேனா டேப்லெட் வாங்கிப் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டான்.

ஆம் என்றோ வேண்டாம் என்றோ ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். கடைக்காரர் அப்படித்தான் கூறுவார். ஆனால் டிசைன் வேலைக்கு எந்தச் சாதனம் உகந்தது என்ற விசாரணையில் இறங்குமுன், அந்தந்தச் சாதனம் எந்தக் காரியத்துக்காகப் பிறந்தது என்பதை அறிந்துகொள்வது அவசியம் என்பது என் அபிப்பிராயம்.

இவ்விரண்டின் ஜாதகத்தையும் எடுத்துப் பார்த்தால் ஒரு விநோதம் புலப்படும். மவுஸும், இன்றைய பேனா டேப்லெட்டுக்கு மூதாதையான பலகையும், 1964ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்திலேயே, ஏறக்குறைய உடன்பிறந்தவை போல வெளிப்பட்டன. மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் மனத்தில் வகுக்க, அவருடைய சகாவான பில் இங்கிலீஷ் கையால் செய்து முடித்த முதல் மவுஸ், குடைந்தெடுத்த ஒரு மரக்கட்டையும், அதன் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்திய இரண்டு சிறு சக்கரங்களும், மேலே ஒரே ஒரு பொத்தானும் கொண்டது. அதே மாகாணத்தில் சாண்டா மோனிகாவில் இருந்த ராண்ட் நிறுவனத்தாரோ, மெல்லிய தாமிரக் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பிய 10 அங்குலச் சதுரப் பலகை ஒன்றைச் செய்து, அதன் மேல் கம்பி இணைத்த பேனா ஒன்றை நகர்த்தினால், பத்து இலட்சம் புள்ளிகளுள் அந்த முனை எந்தப் புள்ளியில் நிற்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளும்படி அமைத்தார்கள்.

பிறப்பு ஒன்றாயினும் பிறந்த நோக்கம் வேறு. எங்கல்பார்ட்டுக்குச் சித்திரம் வரைவதில் நாட்டம் இருக்கவில்லை. திரையில் ஓடும் எழுத்துக்களின் இடையே ஒரு சொல்லை விரைவாகச் சுட்டிக்காட்டி, அதை நீக்கவோ மாற்றவோ ஓர் உபாயம் வேண்டும் என்பதே அவருடைய தேவை. ஆகவே அவருடைய குழுவினர் மவுஸையும், ஒளிப்பேனாவையும், ஜாய்ஸ்டிக்கையும், மேஜைக்கு அடியில் முழங்காலால் அசைக்கும் ஒரு நெம்புகோலையும் கூட வைத்துப் பரிசோதித்தார்கள். பழகிய கைகளில் மவுஸே முந்தியது. திரையைத் தொட்டு வரையும் ஒளிப்பேனாவை எடுப்பதற்கும் வைப்பதற்கும் நேரம் செல்வதோடு, அந்தரத்தில் தூக்கிப் பிடித்த கை சிறிது நேரத்தில் கடுக்கவும் தொடங்கிவிடும். 1968 டிசம்பர் 9ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மாநாட்டில் அவர் மவுஸைக் கையில் பிடித்து உலகுக்குக் காட்டியபோதும், திரையில் அவர் முக்கியமாய்ச் செய்தது சொற்களையும் பட்டியல்களையும் நகர்த்தும் வேலையே. நம் கையில் இன்று இருக்கும் மவுஸ், ஆக, பிறவியிலேயே ஒரு சுட்டுவிரல். தூரிகையாய் இருக்கும்படி அதற்கு யாரும் கட்டளையிட்டதில்லை.

சுட்டுவதற்கும் தீட்டுவதற்கும் உள்ள இந்த வேற்றுமை வெறும் வாய்ப்பேச்சு அன்று. அதற்குக் கணித சூத்திரமே இருக்கிறது. 1954இல் பால் ஃபிட்ஸ் என்ற மனோதத்துவ அறிஞர், இரண்டு உலோகத் தகடுகளை மாறி மாறித் தட்டும்படி சிலரை அமர்த்தி ஆராய்ந்தபோது, ஓர் இலக்கை அடையக் கைக்கு ஆகும் நேரம், இலக்கின் தூரத்தை அதன் அகலத்தால் வகுத்து வரும் விகிதத்தின் மடக்கையைப் பொறுத்தது என்று கண்டார். மடக்கை என்றதும் வாசகர்கள் அஞ்சவேண்டாம். தூரம் இருமடங்கானால் நேரம் இருமடங்காவதில்லை, ஒரு சிறு படி மட்டுமே கூடுகிறது என்பதே அதன் சாரம். 1978இல் ஸ்டூவர்ட் கார்ட், இங்கிலீஷ், பர் ஆகிய மூவரும் இந்த விதியைக் கொண்டே மவுஸை அளந்து பார்த்து, சுட்டும் வேலையில் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துவது சாதனம் அன்று, மனிதக் கையின் இயல்பான எல்லையே என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒரு கருவிக்கு இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் வேறில்லை.

ஆனால் கோடு இழுப்பது வேறு காரியம். வாய்க்காலின் இக்கரையிலிருந்து அக்கரைக்குத் தாவுகிறவனுக்கு, நடுவழியில் கால் எந்தப் பாதையில் போயிற்று என்பது பொருட்டன்று. இறங்கும் இடம் ஒன்றே முக்கியம். நாற்று நட்ட வயலின் வரப்பின் மேல் நடக்கிறவனுக்கோ ஒவ்வோர் அடியும் இலக்கு. வரப்பு ஒடுங்க ஒடுங்க அவன் நடை மெதுவாகும். ஜானி ஆக்கோ, ஷுமின் ஜாய் என்ற இருவர் 1997இல் இந்த வரப்பு நடைக்கு ஒரு விதி வகுத்தார்கள்: நேரம், பாதையின் நீளத்தை அகலத்தால் வகுத்த விகிதத்திற்கு நேராகவே ஏறும், மடக்கையின் சலுகை இங்கே கிடையாது. அவ்விருவரும் 1999இல் டேப்லெட், மவுஸ், சில மடிக்கணினிகளின் கீபோர்டு நடுவில் இருக்கும் சிறு குமிழ், டச்பேட், ட்ராக்பால் ஆகிய ஐந்தையும் இத்தகைய பாதைகளில் ஓட்டிப் பார்த்தபோது, டேப்லெட்டும் மவுஸும் முதல் வரிசையிலும், குமிழ் அடுத்தும், டச்பேட்டும் ட்ராக்பாலும் கடைசியிலும் வந்தன. மடிக்கணினியின் டச்பேட்டிலேயே லோகோ வரைந்து காட்டுகிறேன் என்று சவால் விடும் இளைஞர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ட்ராக்பாலை இதன் பொருட்டு இகழ்ந்துவிடவும் கூடாது. 1952இல் கனடாவின் கடற்படைக்காக அதைச் செய்தவர்கள் ஒரு பௌலிங் பந்தையே அதில் உருட்டினார்கள் என்பது சரித்திரம், மேஜையில் இடமில்லாதவர்களுக்கு அது இன்றும் தோழன்.

பந்தயத்தில் மவுஸும் டேப்லெட்டோடு முதல் வரிசையில் வந்திருக்க, துதிக்கை மட்டும் ஏன் நடுங்கியது? பாதையின் கரைகளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நிதானமாக நகர்வது ஒன்று; மனத்தில் மட்டும் இருக்கும் வளைவை, கரையே இல்லாத வெளியில், ஒரே வீச்சில் கையால் வெளிக்கொணர்வது மற்றொன்று. இரண்டாவதற்கு விரல்களின் ஒத்தாசை வேண்டும். மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற நரம்பியல் வைத்தியர், மூளை அறுவைச் சிகிச்சையின்போது மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தூண்டி, உடலின் எந்த உறுப்பை மூளையின் எந்தப் பகுதி இயக்குகிறது என்று படம் வரைந்தார். அதில் முதுகுக்கும் தோளுக்கும் கிடைத்தது சிறு துண்டு, விரல்களுக்கும் கட்டைவிரலுக்கும் கிடைத்ததோ ஒரு பெரும் பண்ணை. பேனாவை மூன்று விரல்களால் பிடிக்கும்போது அந்தப் பண்ணை முழுவதும் வேலைக்கு வருகிறது. மவுஸை உள்ளங்கையால் மூடிப் பிடித்து மணிக்கட்டாலும் முழங்கையாலும் தள்ளும்போது விரல்கள் பெரும்பாலும் பொத்தானைக் காவல் காத்துக்கொண்டிருக்கின்றன.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. மேஜையில் மவுஸை வைத்து, முழங்கையை ஊன்றியபடியே வலப்புறமாக ஒரு நேர்கோடு இழுத்துப் பாருங்கள். கை முழங்கையை மையமாகக் கொண்டு வட்டத்தில் சுழல்வதால், மவுஸும் சுழன்றுவிடுகிறது. தான் சாய்ந்துவிட்டோம் என்பது அதற்குத் தெரியாது. தன் மூக்கு நோக்கும் திசையையே மேல் என்று நம்பி அது கணக்குச் சொல்கிறது. அதன் அடிவயிற்றில் ஒரு சிறு ஒளிவிளக்கும் கேமராவும் இருக்கின்றன. 1999இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆப்டிகல் மவுஸ் ஒரு விநாடிக்கு 1,500 முறை மேஜைப் பரப்பைப் படம் பிடித்து, முந்திய படத்துக்கும் பிந்திய படத்துக்கும் உள்ள நகர்வை ஒப்பிட்டது. கண்ணாடி மேஜையில் அத்தகைய மவுஸ் தடுமாறுவதற்குக் காரணம், ஒப்பிடுவதற்கு அங்கே ஒரு கீறலோ நாரோ கூட அகப்படாமையே. எவ்வளவு நகர்ந்தேன் என்பதைத்தான் மவுஸ் அறியும், எங்கே இருக்கிறேன் என்பதை அறியாது. தூக்கி வேறிடத்தில் வைத்தால் கர்சர் நின்ற இடத்திலேயே நிற்கும். துதிக்கையின் நடுவில் இடம் போதாமல் மவுஸைத் தூக்கி வைத்தவனுக்கு வளைவு முறிந்து போவது அதனால்தான்.

டேப்லெட்டின் பேனா அப்படியன்று. பலகையின் இடது மேல் மூலையைத் தொட்டால் திரையின் இடது மேல் மூலைக்கே கர்சர் போகும். அது எப்படி அறிகிறது என்பது கேட்கக் கேட்க இனிமையான விஷயம். 1983இல் ஜப்பானில் தோன்றிய வாக்கோம் நிறுவனம் பேர்பெறச் செய்த முறையில், பேனாவுக்குள் பேட்டரியும் இல்லை, பேனாவைப் பலகையோடு இணைக்கும் கம்பியும் இல்லை. பலகையின் அடியில் வலைபோலப் பின்னிய கம்பிச் சுருள்களில் அதிவேகமாய் ஊசலாடும் மின்சாரம் ஒரு கணம் பாய்ந்து மறுகணம் நிறுத்தப்படுகிறது. ஒரே சுருதியில் கூட்டிய இரண்டு தம்பூராக்களை அருகருகே வைத்து ஒன்றை மீட்டினால் மற்றதன் தந்தியும் தானாக அதிர்வதைச் சங்கீத ரசிகர்கள் அறிவார்கள். அதுபோலப் பேனாவுக்குள் இருக்கும் சிறு சுருளும் மின்தேக்கியும் பலகையின் சுருதிக்கே கூட்டப்பட்டிருப்பதால், பலகை பாடும்போது அவை அதிர்ந்து, பலகை மௌனமாகும்போது தாம் பெற்றதைத் திருப்பிப் பாடுகின்றன. எந்தச் சுருளில் அந்த எதிரொலி பலமாய்க் கேட்கிறதோ அங்கே பேனா இருக்கிறது. முனையை அழுத்தினால் உள்ளே அந்தச் சுருதி இம்மியளவு கலைகிறது; அந்தக் கலைவே அழுத்தத்தின் அளவு, அதுவே திரையில் கோட்டின் பருமன்.

இங்கேதான் விளம்பரக்காரர்கள் நம்மைப் பிடித்துக்கொள்கிறார்கள். 1,024 அழுத்த நிலைகள் 2,048 ஆயின, பிறகு 8,192 ஆயின. 8,192 என்பது இரண்டை 13 முறை பெருக்கி வரும் எண் என்பதைத் தவிர அதில் மாயம் ஒன்றும் இல்லை. 2,048க்கும் 8,192க்கும் உள்ள பேதத்தை என் கையால் உணர முடிந்ததில்லை; என்னைவிடக் கை தேர்ந்த நண்பர்கள் சிலரும் அவ்வாறே கூறினார்கள். பேனாவைத் தொட்டும் தொடாமலும் வைக்கும்போதே மை இறங்குகிறதா, அல்லது ஒரு மிதமான அழுத்தத்துக்குப் பிறகுதான் இறங்குகிறதா என்பதே பார்க்கத்தக்கது. மயிரிழை போல் தொடங்கி நடுவில் பருத்து மீண்டும் மயிரிழையாய் முடியும் ஒரு கோட்டைக் கடையிலேயே போட்டுப் பாருங்கள். தொடக்கம் மொட்டையாய் இருந்தால் 8,192 நிலைகளும் வீண்.

அளவு விஷயத்திலும் கடையிலேயே ஒரு பரீட்சை செய்யலாம். காபி டம்ளரைப் பலகையின் மேல் கவிழ்த்து, அதன் விளிம்பைப் பேனாவால் சுற்றி வாருங்கள். திரையில் வட்டம் வட்டமாக வந்தால் சரி. முட்டையாக வந்தால், திரையின் நீள அகல விகிதமும் பலகையின் விகிதமும் பொருந்தவில்லை என்று அர்த்தம். டிரைவரின் அமைப்பில் விகிதத்தைக் கட்டாயப்படுத்தும் ஒரு கட்டம் இருக்கும், அதைத் தேர்ந்தால் தீர்ந்தது. இதை அறியாமல் ஒரு வருஷம் முழுவதும் குண்டு முகங்களாகவே வரைந்து, தன் கையையே நொந்துகொண்ட ஓவியர் ஒருவரை நான் அறிவேன். கையகலப் பலகை விரலசைவுக்கும் போட்டோ திருத்தத்துக்கும் போதும். தோளிலிருந்து வீசி வரைகிறவர்களுக்கு அது சிறை. அதற்காக மேஜையளவு பலகை வாங்கினால், ஒரு மெனுவைத் தொடக் கை முழம் போடவேண்டும்.

திரையிலேயே வரையும் டேப்லெட்டுகள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் விலை ஒரு புறம் இருக்க, வரைகிற கையே படத்தை மறைக்கும். கழுத்து நாள் முழுவதும் குனியும். கண்ணாடியின் தடிப்பால் முனைக்கும் கோட்டுக்கும் இடையே ஓர் இடைவெளி தோன்றும். விநாடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் கை ஓடும்போது, சாதனம் 20 மில்லிவிநாடி பிந்தினால் கோடு பேனாவுக்கு 6 மில்லிமீட்டர் பின்னால் ஓடிவரும். கையும் கோடும் ஒரே இடத்தில் தெரியும்போது இந்தப் பின்னடைவு கண்ணை உறுத்தும். 2019இல் ஆப்பிள் தன் பென்சிலின் தாமதத்தை 20இலிருந்து 9 மில்லிவிநாடியாகக் குறைத்ததை ஒரு சாதனையாகவே அறிவித்தது. திரையில்லாத பலகையில் கண் ஓரிடம், கை ஓரிடம் என்று முதலில் சங்கடப்பட்டாலும், சில வாரங்களில் பழகிவிடுகிறது. கழுத்துக்கும் அதுவே சௌகரியம்.

உடம்பைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. உள்ளங்கை தரையைப் பார்க்க மவுஸைப் பிடிக்கும்போது முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக்கொள்கின்றன. மணிக்கட்டில் ஒன்பது தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் ஒரு குறுகலான குகையின் வழியே போகின்றன. மணிக்கட்டைப் பின்னால் மடக்க மடக்க அந்தக் குகையில் நெருக்கடி அதிகமாகும். விரல் மரத்துப் போகிறவர்களுக்குச் செங்குத்து மவுஸ் சிறிது ஆறுதல் தரும். பேனாவையே இறுக்கிப் பிடித்து அழுத்துகிறவர்களுக்கு அதிலும் வலி உண்டு. ஒரே சாதனத்தை நாள் முழுவதும் பிடிக்காமல் மாற்றி மாற்றிப் பிடிப்பதே நல்லது.

இடக்கையை மறந்துவிட்டோம். ஈவ் கியார் என்ற பிரெஞ்சு அறிஞர், எழுதும்போது வலக்கை பக்கம் முழுவதும் அலைவதில்லை, இடக்கையே காகிதத்தை நகர்த்திக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை 1987இல் விளக்கினார். ஓலைச்சுவடி எழுதிய நம் முன்னோர்களுக்கு இது புதுச் செய்தியாய் இருந்திராது. ஓலையை இடக்கையில் ஏந்தி, எழுத்தாணியை இடது கட்டைவிரலில் அண்டக் கொடுத்து, வலக்கை அந்த இடத்திலேயே எழுத எழுத, இடக்கை ஓலையை நகர்த்திக்கொண்டே போகும். இன்றைய டிசைனருக்கு அந்த இடக்கை கீபோர்டின் மேல் இருக்கவேண்டும்: ஸ்பேஸ் பாரை அழுத்திப் படத்தை நகர்த்தவும், கண்ட்ரோலும் இசட்டுமாய்ப் பிழையை மீட்கவும். இடக்கைக்கு வேலை கொடுக்காதவர் எந்த விலையில் டேப்லெட் வாங்கினாலும், ஓலையை மேஜையில் ஆணியடித்து வைத்து எழுதுகிறவரே ஆவார்.

இனித் துதிக்கைக்கு வருவோம். அன்றிரவு நான் அவனுக்கு டேப்லெட் வாங்கச் சொல்லவில்லை. இழுத்து வரைவதை விட்டுவிட்டு, பெசியர் டூலை எடுத்து, துதிக்கை தொடங்கும் இடத்தில் ஒரு நோடு, திரும்பும் இடத்தில் ஒரு நோடு, சுருள் முனையில் இரண்டு என்று வைத்து, அவற்றின் கைப்பிடிகளை இழுத்து வளைவைச் சரிசெய்யச் சொன்னேன். பிரான்ஸில் ரெனால்ட் கார் நிறுவனத்தின் பியேர் பெசியரும், சிட்ரோயன் நிறுவனத்தின் பால் த காஸ்தெல்ஜோவும், கார்களின் உடல் வளைவுகளைக் கணக்கில் எழுதுவதற்காகத் தனித்தனியே கண்ட அந்த வளைகோடுதான், பிறகு இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா முதலியவற்றில் புகுந்து டிசைனர்களின் அன்றாடப் பிழைப்பாயிற்று. அதன் ரகசியத்தை மேலே கண்ட விதிகளைக் கொண்டு பார்த்தால் தெளிவாகும். வரப்பின் மேல் நடக்கவேண்டிய நீண்ட பயணத்தை, நாலைந்து தாவல்களாக அது மாற்றிவிடுகிறது. ஆக்கோவின் பிடியிலிருந்து நம்மை விடுவித்து ஃபிட்ஸிடம் ஒப்படைக்கிறது. தாவுவதில் மவுஸை வெல்ல ஆளில்லை. கால் மணியில் துதிக்கை தயாராயிற்று, பிளேட்டும் நேரத்துக்குப் போயிற்று.

ஆனால் அச்சாகி வந்த பத்திரிகையைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, துதிக்கை வழவழவென்று, குற்றம் சொல்ல இடமில்லாமல், கார் கதவு போல இருந்தது. அவன் பென்சிலில் போடும் துதிக்கையில் இறக்கத்தில் ஒரு கனமும், சுருளில் ஒரு மெலிவும் இருக்கும். அந்தக் கனம் நோடுகளில் அடங்குவதில்லை. லோகோ, எழுத்து, கட்டம், பார்டர் இவற்றை மட்டும் செய்கிறவருக்கு நல்ல மவுஸ் ஒன்றே ஆயுசுக்கும் போதும் என்றும், கையின் கனம் கோட்டில் தெரியவேண்டியவருக்குப் பேனா இல்லாமல் முடியாது என்றும் நான் நினைப்பது அதனால்தான். அவன் இரண்டாவது ஜாதி. பங்குனியில், திரையில்லாத, நடுத்தர அளவு டேப்லெட் ஒன்றை வாங்கினான். முதல் வாரம் முழுவதும் அவன் கர்சர் திரையின் ஓரங்களிலேயே திரிந்தது; இரண்டாம் வாரம் கையெழுத்து ஒழுங்காக வந்தது.

ஆவணி முகூர்த்தங்களுக்கான வேலைகள் குவிந்திருந்தபோது மறுபடியும் போயிருந்தேன். பிள்ளையார் திரையில் இருந்தார். பேனாவை ஒரு தடவை காற்றில் சுழற்றி ஒத்திகை பார்த்துவிட்டு, நெற்றிக்குக் கீழிருந்து மோதகம் வரை ஒரே இழுப்பில் இறக்கினான். கோடு பருத்து, மெலிந்து, சுருண்டு நின்றது. பிறகு தச்சர் பென்சிலைச் செருகுவது போல அந்தப் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, வலக்கையால் பழைய மவுஸை இழுத்து, சுருளின் முனையில் அநாவசியமாய் விழுந்திருந்த இரண்டு நோடுகளைத் தொட்டு நீக்கினான்.